பங்கர் வாசலில் ஒரு படையல்

நான்காம் வகுப்பில் எனக்கு மூன்று பெயர்கள் கிடைத்தன. நாங்கள் குடியேறிய ஐரோப்பிய நகரத்தில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இரண்டாம் உலக யுத்தகாலத்துப் பங்கர் ஒன்று நின்றது, குண்டுவீச்சுக்கு ஒளிவதற்கான, யன்னலே இல்லாத சீமெந்துக் கட்டடம். அதைக் கட்டியவர்களுக்கு நினைவுக்கல் வைக்கப்போகிறார்களாம். எங்கள் வகுப்பு ஆளுக்கு மூன்று பெயர் வாசிக்க வேண்டும். எல்லாம் நாக்கைச் சுளுக்கவைக்கும் உக்ரேனியப் பெயர்கள். குசினி மேசையில் இருந்து உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

இவர்கள் யார் என்று அம்மா மரக்கறி வெட்டியபடி கேட்டார். ஆசிரியை சொன்னதை ஒப்புவித்தேன்: வேறு நாடுகளில் பிடித்துக் கொண்டுவந்தார்கள், அடித்து வேலை வாங்கினார்கள், குண்டு விழும்போது மட்டும் உள்ளே விடவில்லை. அம்மாவின் கத்தி நின்றுவிட்டது.

"அவையளுக்குத் திவசம் ஆர் செய்யிறது?"

மேயர் வருகிறார் என்றேன். அது போதுமென்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் பங்கர் என்ற சொல்லை யாரும் சும்மா எடுப்பதில்லை. அம்மாவின் தம்பியை, என் மாமாவை, ஊரில் நடந்த யுத்தத்தில் பங்கர் வெட்டத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. கண்ணாடி அலுமாரியில் இருந்த அவர் படத்துக்கு மாலை போட அம்மா விடமாட்டார். நாள் தெரியாமல் எப்படித் திவசம் செய்வது என்று சொந்தக்காரரின் வாயை அடைத்துவிடுவார்.

கல் திறக்கும் நாள் காலையில் அம்மா தலைக்குத் தோய்ந்துவிட்டுச் சமைத்தார். வடை, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. மாமாவுக்கு அந்தக் குழம்பு இருந்தால் போதுமாம். உக்ரேனியருக்கு உறைக்காதா என்று மட்டும் நான் கேட்டேன். வழக்கமாக என் உள்ளங்கையில் குழம்பு விட்டு உப்புப் பார்க்கச் சொல்பவர், அன்று வாயில் வைக்கவே விடவில்லை. படையலை இறந்தவர்தான் முதலில் ருசிபார்க்க வேண்டுமாம்.

மேயர் மலர்வளையம் வைத்தார். யாரோ ட்றம்பெற் ஊதினார். பிழையில்லாமல் வாசித்த பெருமையில் திரும்பினால், ஐயோ, மலர்வளையத்துக்குப் பக்கத்தில் அம்மா வாழையிலை விரித்துச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா தண்ணீர்ச் செம்போடு நிற்கிறார், அவரும் இதற்குக் கூட்டு. வகுப்பே பார்த்தது. எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஆசிரியை மட்டும் கிட்ட வந்து, அது என்ன கறி என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, மாமான்ர பேரையும் ஒருக்கா வாசியம்மா."

வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் நான். "அது லிஸ்டில இல்லையே," என்றேன்.

"ஓம். இல்லைத்தான்."

பிறகு அவரே குனிந்து, இலையைப் பார்த்துத் தம்பியின் பெயரைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் படத்துக்கு மாலை போட்டார். அடுத்த வருடமும் அதே திகதியில் உப்புப் பார்க்காமல் சமைத்தார், இன்றும் சமைக்கிறார். மாமா எப்போது செத்தார் என்று யாராவது கேட்டால், பள்ளிக்கூடம் முடியும்வரை நான் அந்தத் திகதியைத்தான் சந்தேகமே இல்லாமல் சொல்லிவந்தேன்.