ராஜமும் நீக்கப்பட்ட பத்தியும்

கிள்ளிப்பாலத்தில் பஸ் நகராமல் நின்றிருந்தபோது ராஜத்தின் தம்பி மணி போனில் அழைத்தான். "செல்வியக்கா, அக்கா போயிட்டா கேட்டேளா. இப்பதான், ஆஸ்பத்திரிலேயே." ராஜத்தின் வீடிருக்கும் வலியசாலை அங்கிருந்து நடக்கிற தூரம். இறங்கி நடந்திருக்கலாம். ஆனால் பஸ் கிளம்பும் வரை உட்கார்ந்தே இருந்தேன். அந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தெரியவில்லை.

ராஜத்தை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவளை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. பதினெட்டு வருடம் பக்கத்து மேசைக்காரி. நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். வெளிநாட்டுக் கூட்டங்களுக்குத் தொழில்நுட்பக் குறிப்புகளும் அறிக்கைகளும் தயாரிப்பது எங்கள் பிரிவின் வேலை. இணையத்தை யார் நிர்வகிப்பது என்பதுதான் அந்தக் கூட்டங்களின் தீராத சண்டை. அந்தந்த நாட்டு அரசே ஆளட்டும் என்பது ஒரு கட்சி. அரசு, கம்பெனி, பொறியாளர், பொதுமக்கள் எல்லோரும் கூடி முடிவெடுக்கட்டும் என்பது இன்னொரு கட்சி. ராஜத்துக்கு இரண்டின் மேலும் முழு நம்பிக்கை கிடையாது. "எல்லாரும் வரலாம்ங்கறா ஒருத்தர். விசாவும் டிக்கெட்டும் யார் தருவா? உங்க பேர்ல நாங்க பேசறோம்ங்கறா இன்னொருத்தர். நம்மளைக் கேட்டுட்டாக்கும் பேசறா?" என்பாள்.

அவளால் எந்த வெளிநாட்டுக்கும் போக முடிந்ததில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதனால் உலகக் கூட்டங்களை எல்லாம் எங்கள் மூன்றாம் மாடி அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்துதான் பார்த்தாள். சிகிச்சை முழுவதும் அலுவலக மருத்துவ அட்டையில் நடந்தது. ஓய்வு பெறும் முன் வேலையை விட்டால் அட்டையும் போகும். "நன்னாக் கட்டிப் போட்டிருக்கு என்னை" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஒரு மழைக்காலத்தில் வித்துராவுக்கு மேலே மலையில் மண் சரிந்து இணையக் கேபிள் அறுந்துபோனது. நிலவரம் பார்த்து வர எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். அங்கே ரேஷன் கடை வாசலில் எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த தமிழ்ப் பெண்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். விரல் ரேகை வைத்தால்தான் அரிசி. ரேகை வைக்கும் மெஷினுக்கு இணைப்பு வேண்டும். கடைக்காரர் கையை விரித்தார்: "நெட் இல்லா சேச்சி." நான்கு நாளாக அதே பதில். ஒரு பெண் ராஜத்திடம் தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். "விரலு இங்கன இருக்கு. அரிசியும் உள்ள இருக்கு. பின்னெ எந்தாம்மா பிரச்னை?" ராஜம் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு பெரிய கூட்டம் வந்தது. பாதுகாப்பு கருதி எந்த அரசும் இணையத்தை நிறுத்திவைக்கலாம் என்ற ஒரு வாசகத்தை உடன்படிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்பது பேச்சு. அதை ஆதரித்து எங்கள் பிரிவு அறிக்கை வாசிக்க வேண்டும். எழுதும் பொறுப்பு ராஜத்துக்கு. ஆதரித்தே எழுதினாள். கடைசியில் மட்டும் ஒரு பத்தி சேர்த்தாள்: 'இணைப்பு அறுந்த நான்கு நாட்கள் ஒரு மலைத்தோட்டத்தின் தொழிலாளர்களுக்கு அரிசி கிடைக்கவில்லை. யாரும் வேண்டுமென்று அறுத்ததல்ல. வேண்டுமென்று அறுத்தாலும் இதுவேதான் நடக்கும்.'

கூட்டத்துக்கு முந்தின நாள் அவளுக்கு டயாலிசிஸ். கோப்பு என் கணினியில் இருந்தது. பிரிவுத் தலைவர் வந்து, நின்றபடியே படித்தார். "இது பாலிஸி டாக்குமென்ட். கதை வேண்டா. அந்தப் பாரா களஞ்ஞேக்கு" என்றார், தூக்கிப் போடு என்று. ராஜத்துக்கு ஒரு போன் செய்யட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்று வரிதான். நீக்கினேன். மறுநாள் காலை அவளோடு உட்கார்ந்து காபி குடித்தேன். அப்போதும் சொல்லவில்லை.

மத்தியானம் திரையில் எங்கள் முறை வந்தது. ராஜம் வாசித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் குரல் நின்றது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நன்றி சொல்லி முடித்தாள்.

ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டின் பிரதிநிதி கேள்வி கேட்டார். இணைப்பை நிறுத்தினால் சாதாரண மக்களுக்கு என்ன ஆகும் என்று நீங்கள் பார்த்ததுண்டா? பிரிவுத் தலைவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து 'இல்லை' என்று சொல்லும்படி தலையை ஆட்டினார். ராஜம் மைக்கை மறுபடி திறந்தாள். "பார்த்தோம். எழுதியும் இருந்தோம். நான் வாசித்த அறிக்கையில் அது இல்லை." அவ்வளவுதான் சொன்னாள். அது அப்படியே கூட்டக் குறிப்பில் ஏறியது.

அன்று அந்த வாசகம் நிறைவேறவில்லை. தோற்கவும் இல்லை. அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். உடன்பாடு இல்லை, கைவிடவும் இல்லை என்று அதற்கு அர்த்தம். இன்று வரை அப்படியேதான் இருக்கிறது.

ஒரு வாரத்தில் ராஜத்தைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. ராஜினாமா செய்ய அவளுக்கு வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டங்களில் அவள் நாற்காலியை எனக்குத் தந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஓய்வு பெறும் வரை இரண்டு வருடம் அவள் அந்த அறையில்தான் இருந்தாள். வராந்தாவில் எதிர்ப்பட்டால் "சாப்டாச்சா?" என்பாள். அதற்கு மேல் இருவரும் பேசமாட்டோம்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழாய்கள் ஓடும் கையை அசைக்காமல் படுத்திருந்தாள். இத்தனை வருடம் தள்ளிப்போட்டதை அன்று கேட்டுவிட்டேன். "ராஜம், எம் மேல கோவமா?"

மெஷினைப் பார்த்தபடியே சொன்னாள்: "உன் நாற்காலில நான் இருந்திருந்தா அந்தப் பாராவை நானும் எடுத்திருப்பேன், செல்வி. அதாக்கும் எனக்குக் கோவம்."

காரியங்கள் முடிந்தபின் மணியிடம் இதைச் சொன்னேன். மன்னித்தாளா என்று கேட்டான். எனக்குத் தெரியாது. அவளிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது மன்னிப்பு இல்லை, அந்தக் கோபம்தான். இப்போதெல்லாம் கோப்பிலிருந்து ஒரு வரியை எடுக்கச் சொன்னால், "எழுத்தில் கொடுங்க சார்" என்கிறேன். பாதி நேரம் அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். மீதி நேரம் எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். அப்போது நான் எடுக்கத்தான் செய்கிறேன்.