வெள்ளை விரிப்பில் எண்ணெய்க் கறை

வடகரை சொரிமுத்து மகன் பேச்சிமுத்து (1956–2024), குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் உள்ள ஒரு விடுதியில் முப்பத்தொரு ஆண்டுகள் அறைப் பணியாளராக இருந்தவர். அவர் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் கண்டவர் இல்லை.

2019 ஜூலை 20 அன்று, பதினோராம் எண் அறையில் தங்கியிருந்த சங்கரநாராயணன் என்பவர் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனார். தண்ணீர் பெருகியதால் குளிக்கத் தடை. திரும்பி வந்தவர் எண்ணெயோடு படுத்து உறங்கிவிட்டார். மறுநாள் விடுதி உரிமையாளர் முத்துச்செல்வம் கறையைப் பற்றிக் கேட்டபோது, "நான் வரும்போதே இப்படித்தான் கிடந்தது. உங்க ஆள் விரிப்பே மாத்துறதில்லை" என்றார். அன்று மாலையே பேச்சிமுத்துவின் வேலை போயிற்று. பதினோராம் எண் அறையின் மேசை இழுப்பறையில் அந்த விருந்தினரின் முகவரி அட்டை கிடந்தது: சென்னையில், அலுவலகங்கள் நிறைந்த பகுதியில், ஒரு பெரிய ஹோட்டலின் மேலாளர். பேச்சிமுத்து அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

2023 பிப்ரவரியில் அவர் பொதிகை ரயில் ஏறினார். மூன்றரை ஆண்டு சேர்த்த காசில், அட்டையில் இருந்த அதே ஹோட்டலில் மூன்று நாளைக்கு அறை எடுத்திருந்தார். பையில் ஒரு பாட்டில் நல்லெண்ணெய். மறுநாள் காலை, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, வெள்ளை விரிப்பின் நட்டநடுவே மல்லாந்து படுத்தார். இரண்டு பக்கமும் ஒருமுறை புரண்டார்.

அவர் எழுந்து துண்டைக் கட்டிக்கொண்ட நேரத்தில், அறையைச் சுத்தம் செய்ய வந்த ஆலங்குளத்துச் சுகந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணி வச்சிருக்கிய? நான் மாத்தலன்னு என் தலையிலதான விடியும்."

இதை அவர் யோசித்திருக்கவில்லை.

"ஒன் தலையில விடியாதும்மா. ஒங்க மேனேஜர மட்டும் வரச் சொல்லு."

சங்கரநாராயணன் வந்தார். கட்டிலைப் பார்த்தார், உடனே சுகந்தியைப் பார்த்தார். "நேத்து விரிப்பு மாத்தலையா?"

"அவ மாத்துனா. படுத்தது நான்" என்றார் பேச்சிமுத்து. "ஐந்தருவியில குளிக்க விடாத அன்னைக்கு நீங்களும் இப்படித்தான படுத்திய? பதினோராம் நம்பர் ரூம்."

மேலாளர் கதவைச் சாத்தினார். "பெரியவரே, இப்ப என்ன வேணும்?"

"கறை ஒங்களோடதுன்னு எழுதித் தாங்க."

"எழுதலைன்னா?"

"இன்னும் ரெண்டு நாள் இங்கனதான் இருப்பேன். பாட்டில்ல முக்காவாசி கெடக்கு. கீழ சோபாவும் வெள்ளையாத்தான் இருக்கு."

ஹோட்டலின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதினார் சங்கரநாராயணன். தேதி விட்டுப்போயிருந்தது. பேச்சிமுத்து திருப்பிக் கொடுத்து, முழுவதையும் மறுபடி எழுத வைத்தார். சுகந்தி மேல் குற்றமில்லை என்பதற்குத் தனியாக இன்னொரு தாள் வாங்கி அவள் கையில் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் அவர் வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முத்துச்செல்வம் தினமும் டீ குடிக்கும் கடையில், அவர் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே மாட்டினார். முத்துச்செல்வம் கடையை மாற்றினார். சட்டமும் அந்தக் கடைக்கு மாறியது. அதன்பிறகு முத்துச்செல்வம் வீட்டிலேயே டீ குடிக்கத் தொடங்கினார். சட்டம் கடையிலேயே இருந்தது.

தம் கடைசி நாளான 2024 ஆகஸ்ட் 3 அன்று பேச்சிமுத்து அதன் கண்ணாடியைத் தோள் துண்டால் துடைத்து, கோணலாக இருந்ததை நேராக்கி வைத்தார்.