மல்லிகை கட்டிய எட்டு மாதம்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு நான் எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்ததில்லை. பலமனேரில் தக்காளி மண்டி, சித்தூரில் வெல்ல மண்டி, சூளூர்பேட்டையில் கருவாடு. எழுபதுகளின் நடுவில் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் பெருக்கித் துடைக்கிறவளாக இருந்தேன். அக்கா பாலசமுத்திரத்துப் பக்கம் கூலிவேலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். எனக்கென்று போய்ப் படுக்க இருந்த ஒரே வீடு அவளுடையது.

அவளுடைய முப்பத்தெட்டாவது வயதில் கடைசிப் பெண் பால் மறந்தாள். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கம் மல்லிகை கட்டுவார்கள். பூவை மார்பின் மேல் பரப்பிப் பழைய புடவைத் துணியால் இறுக்கிக் கட்டினால் ஐந்தாறு நாளில் பால் நின்றுவிடும். அக்காவுக்கும் நின்றது. இடது பக்கம், அக்குளை ஒட்டி, ஒரு கட்டி மட்டும் கரையவில்லை.

"பால் கட்டிக்கினு கீது. இன்னும் கொஞ்ச நாள் பூ கட்டுனா கரைஞ்சிடும்" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவர்கள் ஊரில் மல்லிகை கிடைப்பது கஷ்டம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை திருப்பதியில் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, சித்தூரில் பஸ் மாறிக் கொண்டுபோவேன்.

"வந்துட்டியா, ஊர் சுத்தி? சாமிக்குப் போடற பூவ எனக்குக் கொண்டாந்து போடற. அப்பிடியே ஒரு உண்டியலும் வெச்சிடு."

"வெக்கறேன். முதல்ல கைய தூக்கு."

கட்டுகிறபோது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கூடப் பிறந்தவள்தான், இருந்தாலும் பார்க்கக் கூசியது. ஒருமுறை அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தொட்டுப் பாருடி. கல்லு மாதிரி கீது."

"சீ, விடுக்கா. வலிக்குதா?"

"வலியே இல்ல."

"வலி இல்லன்னா இன்னாத்துக்குப் பயப்படற?"

இதைச் சொன்னது நான்தான். அவள் கையை விட்டுவிட்டாள். அப்புறம் தொடச் சொல்லவே இல்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் கட்டை அவிழ்த்தபோது திருப்பிக்கொள்ள மறந்துவிட்டேன். கட்டி இருந்த இடத்தில் தோல் சாத்துக்குடித் தோல்போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மறுநாளே சித்தூருக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். மார்பையும் அக்குளையும் கழுத்தையும் வெகுநேரம் அழுத்திப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"எட்டு மாசம்மா" என்றேன்.

"எட்டு மாசமா இன்னா செஞ்சீங்க?"

"பூ கட்டினோம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வலிக்கிற கட்டின்னா எல்லாரும் ஓடி வந்துடறீங்க. இது வலிக்காது. வலிக்கலன்னுதான் விட்டுடறீங்க. சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா எடுத்துட்டுப் பொழைக்க வெச்சிருக்கலாம். இப்ப அக்குளுக்கும் கழுத்துக்கும் போயிடுச்சு. நீ தங்கச்சியா? தொட்டுப் பாத்தியா?"

"இல்லம்மா."

"உன்னோடத?"

அதற்கும் இல்லை என்றேன். மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்து, மாதாமாதம், விரலைத் தட்டையாக வைத்து அக்குள்வரை அழுத்திப் பார்க்கச் சொன்னார். எனக்குக் கட்டி ஏதும் தட்டுப்படாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். "கூடப் பொறந்தவளுக்கு வந்திருக்கு. வயசாகட்டும்னு நீ காத்துக்கினு இருக்கக் கூடாது."

வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மார்பை எடுத்தார்கள், கரண்ட் என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஒரு வருஷத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்தாள். கடைசியில் முதுகெலும்பில் வலி வந்தது. அதுவரை வராமலிருந்த வலி எல்லாம் சேர்ந்து வந்தது.

அந்த நாட்களில் அவள் கேட்டாள்: "அப்பவே நீ தொட்டிருந்தா உனுக்குத் தெரிஞ்சிருக்குமாடி?"

"எனுக்கு இன்னா தெரியும், நான் படிச்சவளா?" என்றேன். தெரிந்திருக்கும். டாக்டரம்மாவிடமிருந்து வந்த அன்றே, குளிக்கும்போது என்னுடையதைத் தொட்டுப் பார்த்தேன். கல்லுக்கும் சதைக்கும் வித்தியாசம் தெரியப் படிப்பு வேண்டாம்.

சுமங்கலியாகப் போனவள் என்று தலை நிறைய மல்லிகை வைத்தார்கள். அதையும் நான்தான் வாங்கி வந்தேன்.

இப்போது கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே மிஷினில் படம் எடுத்துக் கண்டுபிடிக்கிறார்கள். நாற்பதானால் எடுத்துப் பார்ப்பது நல்லது, அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் அதற்கும் முன்பே தொடங்க வேண்டும் என்று எனக்குப் படம் எடுத்த நர்ஸ் சொன்னாள். எனக்கு ஒன்றும் இல்லை. அதில் சந்தோஷப்பட எனக்குத் தெரியவில்லை.

அன்று பால் மறந்த பெண்ணுக்கு இந்த வருஷம் முப்பத்தெட்டு. போன வாரம்கூட அவள் வீட்டுக்குப் போய், கிளம்பு, நான் கூட வருகிறேன் என்றேன்.

"எனுக்கு வலி கிலி ஒண்ணும் இல்லியே சின்னம்மா" என்றாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மாற்றுப் புடவைகூட இல்லாமல், அவள் கிளம்பட்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசி பஸ்ஸும் போய்விட்டது.