கையுறைப் புகை யார் கணக்கு?

சுங்கை பெசாரிலிருந்து வரும் பஸ்ஸில் இன்று, எந்த நாடு அதிகமாகக் கார்பன் புகை விடுகிறது என்ற பட்டியலை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளை வகுப்பில் நான் நடத்தும் பாடம் அதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, கையுறைத் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். என்ன அது என்று கேட்டார். நாளை பிள்ளைகளுக்கு நடத்தப் போகும் பாடம் என்று சொன்னேன்.

“நாங்க செய்ற கிளவ்ஸ் எல்லாம் வெளிநாட்டுக்குத்தான் போவுது டீச்சர். அதைச் செய்றப்ப வர்ற புகை யாரு கணக்கு?”

“இந்தப் பட்டியல்ல நம்ம நாட்டுக் கணக்குதாங்கா.”

“அது எப்படிலா? வாங்கிப் போட்டுக்கிறவங்க கணக்குலல்ல வரணும்? ஆளுக்கு எவ்வளவுன்னும் பிரிச்சுப் பாக்கணும்.”

அப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு தலைக்கு மேல் குளிர்காற்று விட்டுக்கொண்டிருந்த பஸ் ஏர்கோனைப் பார்த்தார்.

“அப்ப என் வீட்டு ரெண்டு ஏர்கோனும் என் கணக்குதானே? சரி, இனிமே ஒன்னு போதும்லா.”

நாளை அவர் கேள்வியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கப் போகிறேன்.

ஆனால் என் வீட்டில் மூன்று ஏர்கோன். எதை நிறுத்தலாம், நீங்களே சொல்லுங்கள்!