பச்சைக் கொடிக்கு நின்ற பஸ்

சென்ற வாரம் திங்கட்கிழமை காலை, வண்ணார்பேட்டையில் ஒரு பஸ் நின்றது.

ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ் நிற்பது நம் ஊரில் செய்தி அல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் இது ஜீப்ரா கோட்டுக்கு முன்னால் நின்றது. இரண்டு சைக்கிள்கள் ரோட்டைக் கடப்பதற்காக நின்றது. ஆகவே இந்த வாரம் அந்த பஸ்ஸைப் பற்றி.

முதலில் மும்தாஜ் டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீடு மேலப்பாளையத்தில். ஸ்கூல் வண்ணார்பேட்டை தாண்டி. எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் உடற்பயிற்சிக்காக ஓட்டாத ஒரே ஆள். நாங்களெல்லாம் தொப்பையைக் குறைக்க ஓட்டுகிறோம். அவர் வேலைக்குப் போக ஓட்டுகிறார். குழுவிலேயே விலை குறைந்த சைக்கிள் அவருடையதுதான். மணி, கூடை, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் இருப்பதும் அதில் மட்டும்தான்.

சில மாதங்களுக்கு முன்பு அந்த ஜீப்ரா கோட்டின் மேலேயே ஒரு வேன் உரசி டீச்சர் விழுந்தார். மணிக்கட்டில் கட்டு. துபாயில் வேலை பார்க்கும் அவர் கணவர் வீடியோ காலில் கட்டைப் பார்த்தார். சைக்கிளை வித்துரு, ஆட்டோ பேசிக்கோ என்றார். கட்டைப் பிரித்த மறுநாளே டீச்சர் மறுபடி சைக்கிளில் ஏறிவிட்டார். துபாயில் கோபம். சைக்கிளை எடுத்துப் போக கணவரின் மச்சான் வருவதாக ஏற்பாடு.

"ஆட்டோ வசதிதானே டீச்சர்?" என்று கேட்டேன்.

"என்ன வசதி? ஆட்டோன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளைய ரெண்டு, அதுக உம்மா ஒரு ஆளுன்னு கூடவே ஏறிக்கிடும்... ஏறுனதுல இருந்து எறங்குறது வர விசாரணை. சைக்கிள்ல ஏறிட்டம்னா ஸ்கூல் வாசல் வரைக்கும் என்னைய யாரும் ஒண்ணும் கேக்க முடியாதும்மா. எனக்கு அந்த அரை மணி நேரம் வேணும்."

இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

குழுவின் சார்பில் நானும், எங்கள் தலைவரான பாத்திரக்கடை அண்ணாச்சியும் போக்குவரத்து இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனோம். சாலை வடிவமைப்பு நான் படித்த படிப்பு, பிழைப்பும் அதுதான். எதையும் நம்பர் போட்டுப் பேசுவது அதோடு வந்த வியாதி. ஒன்று, அழிந்துபோன கோட்டை மறுபடி வரைய வேண்டும். இரண்டு, அதற்கு முன்னால் வேகத்தடை. மூன்று, ஸ்கூல் நேரத்தில் அந்த இடத்தில் ஒரு காவலர். நான்கு...

இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி. மூன்று வரைக்கும் கேட்டார்.

"எல்லாம் செஞ்சிரலாம் மேடம். முதல்ல ஒரு சைக்கிள் ரேலி வைப்போம்."

"எதுக்கு சார்?"

"விழிப்புணர்வுக்கு."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "தொப்பி நம்ம கடைப் பேர்ல அடிச்சிரலாம் சார்!"

ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் அப்படியே இருக்க, ரேலி மட்டும் நடந்தது.

குறை சொல்வதற்கில்லை. பிரமாதமாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, பேனர், தொப்பி, பச்சைக் கொடி. முன்னால் போலீஸ் ஜீப். ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார்கள். சாலைப் பாதுகாப்பை வலியுறுத்தி நாங்கள் போன பாதையில் நல்ல டிராபிக் ஜாம். வண்ணார்பேட்டையில் ஓர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, திருவிழா ஊர்வலம் என்று நினைத்து, "எந்தக் கோயில்ல கொட?" என்று பக்கத்து ஆட்டோவிடம் விசாரித்தார். டீச்சர் விழுந்த அதே கோட்டில், இரண்டு பக்கமும் பஸ்கள் கைகட்டி நிற்பதுபோல் நிற்க, டீச்சர் நிதானமாகக் கடந்தார்.

அண்ணாச்சி அதை வீடியோ எடுத்தார். வீடியோ துபாய்க்குப் போனது.

கணவர் கூப்பிட்டார். "நீ விழுந்தது இங்கனயா? இங்கனதான் இத்தன வண்டி நின்னு வழி விடுதே!"

மச்சான் வருவது ஒத்திவைக்கப்பட்டது. இன்னொரு கீறல் விழுந்தால் சைக்கிள் போய்விடும் என்ற நிபந்தனையோடு. டீச்சர் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"நான் பொய் சொல்லலம்மா, வீடியோதான் சொல்லுது. ஆனா நாளைக்கு எவன் நிப்பான்?"

நியாயமான கேள்வி. திங்கட்கிழமை நானும் துணைக்குப் போனேன். எவனும் நிற்கவில்லை. எங்களைப் பார்த்ததும் சிலர் வேகத்தைக் கூட்டினார்கள். மேம்பால நிழலில் டிராபிக் ஏட்டையா நின்றிருந்தார். முந்தைய நாள் கொடி, அவருடைய பைக் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். கூடையிலிருந்து அண்ணாச்சி கடைத் தொப்பியை எடுத்து, தலையில் போட்டிருந்த துணிக்கு மேல் வைத்தார். நேரே அவரிடம் போனார்.

"ஏட்டையா, ரேலி போகணும்."

"ரேலி நேத்தே முடிஞ்சிட்டுல்லாம்மா?"

"அது நேத்து ரேலி. இது இன்னைக்கு ரேலி."

"எத்தன பேரு?"

"நானும் இந்தப் பிள்ளையும்."

ஏட்டையா எங்களை எண்ணிப் பார்த்தார். அதிக நேரம் பிடிக்கவில்லை.

"பேனர் இருக்கா?"

"தொப்பி இருக்கு."

தொப்பி போதும் என்று முடிவானது. ஏட்டையா கொடியை உருவிக்கொண்டு நடு ரோட்டுக்குப் போனார். "ஏலே, பைய! பைய! ரேலி வருதுல்லா!"

தூத்துக்குடி பஸ் பிரேக் போட்டது. பின்னால் லாரி, வேன், பைக்குகள், எல்லாம் வரிசையாக நின்றன. பச்சைக் கொடியைக் கண்டு வண்டிகள் நிற்பது நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யாரு ஏட்டையா வாரா? மந்திரியா?"

"ரேலி வே, ரேலி!"

நாங்கள் கடந்தோம். டிரைவர் நாங்கள் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிச்ச ஆள எங்க வே காணோம்?"

"அம்புட்டுதான். நீரு போவும்."

அதற்குள், காத்துக்கிடந்த பூக்கூடைக்கார அம்மா, கல்லூரிப் பெண்கள், தண்ணீர்க் கேன் சுமந்த ஒருவர் என்று எல்லோரும் எங்கள் பின்னாலேயே கடந்துவிட்டார்கள். கடைசியாக ஒரு நாய். அவசரமே படாமல்.

அன்று ஆபீசில் வேலை ஓடவில்லை. நம் ஊருக்கு நிற்கவே தெரியாது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? தேருக்கு நிற்கிறோம். சந்தனக்கூட்டுக்கு நிற்கிறோம். மாதா சப்பரத்துக்கு, கட்சி ஊர்வலத்துக்கு, கல்யாண மாப்பிள்ளை அழைப்புக்கு — முகம் சுளிக்காமல், சில சமயம் கும்பிட்டபடி நிற்கிறோம். ஒற்றை ஆள் கடந்தால் மட்டும்தான் ஹாரன். ஆளுக்கு வழி விட நமக்குப் பழக்கமில்லை, ஊர்வலத்துக்குத்தான் பழக்கம். அப்படியென்றால் தனி ஆள் பத்திரமாகக் கடக்க ஒரே வழி... ஊர்வலமாகிவிடுவது.

அன்றிலிருந்து தினமும் காலை வண்ணார்பேட்டையில் ரேலி நடக்கிறது. பால் கேன் சைக்கிள்காரர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஸ்கூல் பிள்ளைகளும் உண்டு. தொப்பி தீர்ந்துவிட்டதால் அண்ணாச்சி மறுபடி அடிக்கிறார்.

விஷயம் இன்ஸ்பெக்டருக்குப் போனது. என்னைக் கூப்பிட்டார்.

"தினமும் ரேலின்னா எப்படி மேடம்? எப்பதான் முடியும்?"

"டீச்சர் ரிட்டயர் ஆனதும் முடிஞ்சிரும் சார்."

அவர் சிரிக்கவில்லை. நானும்தான். பிறகு, காலையில் ஸ்கூல் நேரத்துக்குக் கொடியோடு அங்கேயே நிற்கும்படி ஏட்டையாவுக்கு போனில் உத்தரவு போட்டார். நான் கேட்ட மூன்றாவது கோரிக்கை. நான்தான் அதற்குத் தப்பான பெயர் வைத்துக் கேட்டிருக்கிறேன்.

துபாய்க்காரர் இப்போது தினமும் டியூட்டிக்குக் கிளம்புமுன் டீச்சருக்கு போன் செய்கிறாராம். சைக்கிளை விற்கும் பேச்சே இல்லை.

"சீக்கிரம் கெளம்பு... நீ இல்லாம ரேலிய ஆரம்பிச்சிரப் போறாங்க!"