கோடிச் சேலையும் குழு நிர்வாகியும்

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கென்று முகநூலில் ஒரு மூடிய குழு இருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களில், அந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து கொழும்பிலும் வெளிநாட்டிலும் சிதறிக் கிடப்பவர்கள் ஊர்ச் சேதி அறிவதற்காகத் தொடங்கியது. கல்யாணம், திருவிழா, சாவு எல்லாம் அதில்தான் வரும். முன்பு சாவென்றால் ஒருவர் லயம் லயமாகப் போய்ச் சத்தம் போட்டுச் சொல்வார். கேட்பவன் யாரென்று பார்த்ததில்லை.

இந்தக் குழுவுக்கோ ஒரு நிர்வாகி. என்னோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், இப்போது நுவரெலியாவில் ஒரு கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். இவருக்கு வந்தது ஆளைச் சேர்க்கவும் தள்ளவும் ஒரு பொத்தான், அவ்வளவுதான். சேர விரும்பினால் எந்த லயம், என்ன தொழில் என்று எழுத வேண்டும். கொழும்பில் யாராவது கேட்டால் தன்னை நுவரெலியா டவுன் என்று சொல்லிக்கொள்ளும் மனிதர், அடுத்தவரிடம் லயம் கேட்கிறார்!

என் அத்தை கொழும்பில் ஒரு சிங்கள வீட்டில் சமைக்கிறாள். அந்த வீட்டு மகள் தன் பழைய போனைக் கொடுத்தபோது, அதிலிருந்த முகநூல் கணக்கையும் தன் பேரோடு அப்படியே விட்டிருந்தாள். அத்தைக்குக் குழுவில் வேண்டியது ஒன்றே ஒன்று. அவளோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த சிநேகிதி தோட்டத்தில் நோயாய்க் கிடந்தாள். செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்த அவளுக்கு ஆளில்லை. "நான் எடுத்துட்டு வர்றேன்டி" என்று அத்தை வாக்குக் கொடுத்திருந்தாள். சிநேகிதியின் புருசன் வீட்டார் போன் பண்ணிச் சொல்கிற ரகமில்லை. எங்கள் குடும்பத்திலும் இப்போது தோட்டத்தில் யாருமில்லை. குழுவில் இருக்கிற நான் பார்த்துச் சொல்கிறேன் என்றாலும் கேட்கவில்லை, தானே பார்க்கவேண்டுமாம்.

அத்தைக்காக நானே எல்லாம் எழுதி அனுப்பினேன். மறுத்துவிட்டார். போன் செய்தேன்.

"சிங்களப் பேரா இருக்கே டீச்சர். பாதுகாப்பு பாக்கணுமில்ல?"

"அது எங்க அத்தைங்க. ஒங்களுக்கும் ரொட்டி சுட்டுக் குடுத்தவங்க."

கொஞ்சம் இழுத்துவிட்டு உள்ளதைக் கக்கினார்.

"வீட்டு வேலைன்னு போட்டிருக்காங்க. குழுவுல இஞ்சினியர்மாரெல்லாம் இருக்காங்க. ஒரு தரம் வேணாமா?"

தரமாம் தரம்! இவருடைய அம்மாவும் கூடை சுமந்துதான் இவரைப் படிக்கவைத்தாள். அதைக் குழுவிலேயே எழுதினேன். கொட்டகலையில் என் வீட்டு மேசையில் இருந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் என்னையும் வெளியே தள்ளிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதைத்தான். இந்தப் பூசாரியிடம் அதன்பிறகு நான் பேசவில்லை. காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

சில வாரம் கழித்து என்ன ஞானம் பிறந்ததோ, அத்தையைச் சேர்த்துக்கொண்டார். உள்ளே போனதும் அவள் பார்த்தது சிநேகிதியின் சாவுப் படங்கள். அடக்கம் முடிந்து நாளாகியிருந்தது. கீழே நிர்வாகியின் "ஆழ்ந்த இரங்கல்." அந்தப் படங்களுக்கு மேலே புதிய உறுப்பினருக்கு வரவேற்பு: தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.

அத்தை அந்த வரவேற்பின் கீழே தட்டுத்தடுமாறித் தானே எழுதி, அதைப் படமெடுத்து எனக்கும் அனுப்பியிருந்தாள். "நான் அவளுக்கு கோடி கொண்டுவர இருந்தவ. சேலை இன்னும் என் பையிலதான் இருக்கு."

நிர்வாகி அதற்கு ஒரு லைக் போட்டிருந்தார்.