முப்பது வருஷ சர்வீஸ்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘முப்பது வருஷம்’. வாயைத் திறந்தாலே அதுதான் வரும். முப்பது வருஷமாக ரத்தம் பார்க்கிறேன், நேற்று முளைத்ததெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கிறது என்பார். நாற்காலி தேய்ந்தது உண்மைதான். மைக்ராஸ்கோப் தேயவில்லை. அதை உறை போட்டு மூடி, பக்கத்தில் டிபன் பாக்ஸ் வைக்க இடம் பண்ணியிருந்தார்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு என்று மெஷின் காட்டினால், கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தைத் தடவி, சாயம் ஏற்றி, கண்ணால் பார்க்க வேண்டும். சில நேரம் குழாய்க்குள் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் ஏமாந்து குறைத்து எண்ணும். இந்த ஒன்று தெரிந்ததுதான் வினை. குறைந்து வந்ததெல்லாம் அவருக்குக் கட்டிதான். தடவுவார், தட்டில் போடுவார், பார்க்காமலே ‘கட்டி, உண்மையில் போதுமான அளவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் அவருடைய தங்கையே வந்து ரத்தம் எடுக்கக் கை நீட்டினாள். கணுக்காலில் கடுகு தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள். தட்டணுக்கள் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் மெஷின் பதினோராயிரம் என்றது. கூட வேலை பார்க்கும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள், இரண்டு வாரம் முன்பு இவர்களுக்கு வைரஸ் காய்ச்சல் வந்துபோனதே, அதனாலும் இருக்கலாமே என்று.

“ஊருக்கே வர்ற சளி வைரஸுக்கும் ரத்த அணுவுக்கும் என்னம்மா சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத,” என்றார்.

தங்கைக்கும் அதே கட்டிதான். புள்ளிகள் வேர்க்குருவாம். அண்ணனே சொன்ன பிறகு டாக்டர் எதற்கு என்று அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான்காம் நாள் ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிலருக்குச் சாதாரண வைரஸை விரட்டக் கிளம்பிய உடம்பு, அது போன பிறகும் அடங்காமல் தன் தட்டணுக்களையே அழிக்கும், இதுவும் அப்படி இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மருந்து ஆரம்பித்தாயிற்று, மூளையில் கசியாமல் இருந்தால் பிழைப்பாள், நான்கு நாள் வீணாகிவிட்டதே என்றும் சொன்னார்.

“எங்க அண்ணன் கண்ணால பார்த்துதான் சொன்னாரு டாக்டர்,” என்றாள் தங்கை, வாயில் பஞ்சோடு.

டாக்டரம்மா அந்த ஸ்லைடைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்தது. தடவிய ரத்தம் அப்படியே காய்ந்திருந்தது. சாயமே ஏற்றவில்லை. சாயம் இல்லாமல் அதில் எவரும் எதையும் பார்த்திருக்க முடியாது. டாக்டரம்மா அதைக் கட்டிலருகே நின்றிருந்த முப்பது வருஷத்தின் கையில் கொடுத்தார்.

“அண்ணா, நீ பார்த்தியா இல்லையா?”

“அன்னிக்குக் கூட்டம் அதிகம்மா,” என்றார் அந்த வெட்கங்கெட்ட மனிதர்.

அன்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நான்காவதாக உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.